பந்தயப் பணம் யாருடைய பணம்?

செல்போனில் சுட்டு விளையாடும் போட்டியில் ஜெயித்து வந்த பணம் கூடுமா, கூடாதா? எங்கள் போடிநாயக்கனூரிலும், மேலே போடிமெட்டு, பூப்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களிலும் இப்போது அடிக்கடி கேட்கப்படும் மஸ்அலா இது. கேட்பவர்கள் விளையாடும் பிள்ளைகள் மட்டுமல்ல. காலையில் ஜீப்பில் மலையேறி, ஏலத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்கும் தாய்மார்களும் கேட்கிறார்கள். "மகன் விளையாடி இருநூறு ரூபாய் கொண்டுவந்து கொடுத்தான், அரிசி வாங்கலாமா ஹஜ்ரத்?" என்று ஒரு தாய் கேட்கும்போது, "விளையாட்டெல்லாம் வீண்" என்று ஒரே சொல்லில் முடிப்பது பதிலாகாது. அந்த இருநூறு எங்கிருந்து வந்தது என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

பார்ப்பதற்கு முன் இந்தப் போட்டிகள் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். நம்மில் சிலர் அதைத் தெரிந்துகொள்ளாமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளும் நம் பேச்சைக் கேட்காமல் போய்விடுகிறார்கள்.

பப்ஜி என்ற விளையாட்டை 2020 செப்டம்பரில் மத்திய சர்க்கார் தடை செய்தது. அதற்குப் பதிலாகத் தென்கொரியாவின் கிராஃப்டன் கம்பெனி 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் இந்தியாவுக்கென்றே ஒன்றை வெளியிட்டது. அந்தக் கம்பெனி ஆண்டுதோறும் ஒரு தேசியப் போட்டி நடத்துகிறது. அதில் பெயர் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஓர் அணி. பதினாறு அணிகள், அதாவது அறுபத்து நாலு பேர், ஒரே களத்தில் இறங்குவார்கள். கடைசிவரை நிற்கும் அணிக்குப் பத்துப் புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்குக் குறைந்துகொண்டே வரும். எதிரி ஒருவரை வீழ்த்தினால் ஒரு புள்ளி. ஒரே ஆட்டத்தில் தீர்ந்துவிடாமல் பல நாள், பல ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் வரிசை போடுவார்கள். ஆகவே ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் யாரும் மேலே வர முடியாது. சுற்றுச் சுற்றாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் மிஞ்சும் பதினாறு அணிகளை ஓரிடத்தில் கூட்டி இறுதிப் போட்டி வைப்பார்கள். 2024-ல் ஹைதராபாத்தில் அப்படி நடந்தது. மொத்தப் பரிசு இரண்டு கோடி ரூபாய். அதற்கு முன் 2022-ல் இதே விளையாட்டின் இன்னொரு போட்டியை ஸ்டார் ஸ்போர்ட்ஸ் டெலிவிஷனில் கிரிக்கெட்டைப் போலவே காட்டினார்கள்.

அணிகளுக்கு முதலாளிகள் உண்டு. ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம், தங்கிப் பயிற்சி எடுக்க வீடு, பயிற்சியாளர், எதிரணியின் ஆட்டத்தை ஆராய்ந்து சொல்ல ஓர் ஆள் என்று முறையாக வைத்திருக்கிறார்கள். முதலாளிக்கு வருமானம் விளம்பரக் கம்பெனிகளிடமிருந்தும், ஆட்டத்தைப் பார்க்கும் கூட்டத்தை வைத்தும் வருகிறது. பரிசு அதற்கு மேல்.

ஒரு விசித்திரம் உண்டு. கால்பந்துக்கு உரிமையாளர் என்று உலகத்தில் யாரும் இல்லை. இந்த விளையாட்டுகளுக்கோ உரிமையாளர் உண்டு. அவர் அனுமதித்தால்தான் லீக். கதவை மூடினால் லீக்கே இல்லை. 2022 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ.யை சர்க்கார் உத்தரவால் கடைகளிலிருந்து எடுத்தார்கள்; 2023 மே மாதம் திரும்பி வந்தது. இடையில் பத்து மாதம், படிப்பை விட்டுவிட்டு இதையே நம்பியிருந்த பிள்ளைகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். இது மஸ்அலா அல்ல, உலக விஷயம்தான். ஆனால் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய உலக விஷயம்.

இது மேல்தட்டுப் போட்டி. நம் மலைச்சரிவில் நடப்பது வேறு. இங்கே அதற்கு "ரூம் மேட்ச்" என்று பெயர். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் நேரம் அறிவிப்பார். ஒரு கணக்குக்கு, அணிக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு அணிகளும் செல்போன் வழியாகவே அனுப்பினால் ஆயிரத்து அறுநூறு. முதல் அணிக்கு எண்ணூறு, இரண்டாவதற்கு நானூறு, மூன்றாவதற்கு இருநூறு, நடத்துகிறவருக்கு இருநூறு. பதின்மூன்று அணிகள் வெறுங்கையோடு போகும். அந்தத் தாயின் கைக்கு வந்த இருநூறு, முதல் அணியின் எண்ணூறில் நாலில் ஒரு பங்கு.

இரண்டும் ஒரே விளையாட்டு, ஒரே களம், ஒரே துப்பாக்கி, ஒரே திறமை. ஆனால் ஷரீஅத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு.

சூதாட்டம் என்றால் சீட்டும் தாயமும்தான் என்று நம் மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "இதில் அதிர்ஷ்டம் இல்லையே ஹஜ்ரத், முழுக்கத் திறமைதானே?" என்று பிள்ளைகள் வாதிப்பது அதனால்தான். அந்த வாதத்தை அவர்கள் நம் கிதாபுகளிலிருந்து எடுக்கவில்லை. கோர்ட்டுத் தீர்ப்புகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். 1957-லிருந்தே சுப்ரீம் கோர்ட்டு, திறமை முக்கியமாக இருக்கும் போட்டி சூதாட்டமாகாது என்று சொல்லி வந்திருக்கிறது. 1968-ல் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. 1996-ல் நம் தமிழ்நாட்டு வழக்கிலேயே, குதிரைப் பந்தயமும் திறமை சார்ந்தது, அதில் பணம் கட்டுவது சூதாகாது என்று தீர்ப்பு வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் தொலைத்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்த பிறகு தமிழக சர்க்கார் 2022-ல் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடையிலிருந்து விடுவித்தது.

இங்கேதான் நம் ஃபுகஹாக்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அவர்களும் குதிரைப் பந்தயத்தையே எடுத்துக்கொண்டு பேசினார்கள். நபி (ஸல்) அவர்கள் குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து இளைக்க வைத்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை நீண்ட தூரம், பயிற்சி இல்லாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் மஸ்ஜித் வரை குறைந்த தூரம் என்று பிரித்து ஓட்டினார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றில்தான் பரிசு என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. குதிரையோட்டத்தில் திறமை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார். அது மார்க்கம் ஊக்குவித்த திறமை. அப்படியிருந்தும், ஓடும் இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் அள்ளுவது என்று பேசிக்கொண்டால் அது கிமார், சூது என்று இமாம்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அமீரோ வேறு யாரோ பரிசு வைத்தால் கூடும். ஓடுகிறவர்களில் ஒருவர் மட்டும் வைத்தாலும் கூடும். எல்லாரும் வைத்தால் கூடாது. குதிரை அதே குதிரைதான். பணம் வந்த வழி மாறியதும் ஹுக்மு மாறிவிட்டது.

ஆக, திறமையா அதிர்ஷ்டமா என்பது முதல் கேள்வியே அல்ல. தோற்றவருடைய பணம் ஜெயித்தவர் கைக்குப் போகிறதா என்பதே கேள்வி. திறமை என்ற சொல் சூதின் மேல் போர்த்திய போர்வையாகத்தான் இத்தனை ஆண்டுகள் பயன்பட்டது. இதைப் பாராளுமன்றமும் இப்போது ஒப்புக்கொண்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும் தடை என்கிறது. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடிவரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸ் என்ற முறையான போட்டிகளை மட்டும் அது தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது. அங்கே நுழைவுக் கட்டணம் போட்டியில் சேர்வதற்கும் நிர்வாகச் செலவுக்குமாக மட்டும் இருக்கலாம், பரிசும் கொடுக்கலாம், ஆனால் யாரும் பந்தயப் பணம் வைக்கக் கூடாது.

இதைப் படித்தபோது 2003-ல் தோஹாவில் கூடிய ஃபிக்ஹு சபையின் தீர்மானம் நினைவுக்கு வந்தது. போட்டிக்காக விற்கும் சீட்டின் விலையோ அதில் ஒரு பகுதியோ பரிசுத் தொகையில் சேர்ந்தால் அது சூதின் ஒரு வகை, கூடாது என்று உலமாக்கள் அங்கே முடிவு செய்தார்கள். நம் மலையில் நடக்கும் ரூம் மேட்ச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. கட்டிய நூறு, பரிசில் சேர்கிறது. அது மைஸிர். சூரத்துல் மாயிதாவில் மதுவோடு சேர்த்து விலக்கப்பட்ட அதே மைஸிர்.

புத்திசாலிப் பிள்ளைகள் இன்னொரு வழி கேட்பார்கள். பணம் வைக்காத ஒருவர் நடுவில் புகுந்தால் பந்தயம் கூடும் என்று கிதாபில் இருக்கிறதே, ஓர் அணியை இலவசமாகச் சேர்த்துவிட்டால் என்ன? முஹல்லில் பற்றிய இந்தச் சட்டம் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இருப்பது உண்மை. இமாம் மாலிக் (ரஹ்) இதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஏற்றவர்களும் போர்ப் பயிற்சி போன்ற, பரிசு அனுமதிக்கப்பட்ட போட்டிகளுக்குத்தான் இதைச் சொன்னார்கள். செல்போனில் பொழுது போக்குவதற்கு அந்த வாசல் திறக்கவில்லை.

வியாபாரிகள் சிலர் வேறொன்று சொல்கிறார்கள். "ஏலக்காய் வியாபாரம் மட்டும் என்ன? 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ ஏழாயிரம் வரை போனது, 2021-ல் ஆயிரத்துக்குக் கீழே விழுந்தது. வாங்கி வைத்தவர் அழிந்தார். இது சூதில்லையா?" போடியில் பிறந்தவர் யாரும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அங்கே பணம் கொடுத்தவர் கைக்கு மூட்டை வந்தது. விற்ற தோட்டக்காரருக்கு உழைப்பின் விலை கிடைத்தது. பிறகு விலை இறங்கியது அல்லாஹ்வின் நாட்டம். வாங்கியவரின் நஷ்டம் விற்றவர் முன்கூட்டியே எதிர்பார்த்துக் காத்திருந்த லாபமல்ல. ரூம் மேட்ச்சில் மூட்டை எங்கே? பதின்மூன்று அணிகள் கொடுத்த காசுக்கு அவர்கள் கையில் வந்தது என்ன? சரக்கைப் பார்க்காமலே விலை ஏறுமா இறங்குமா என்று மட்டும் பணம் கட்டினால், அப்போது அந்த வியாபாரியின் கேள்விக்கும் இதே பதில்தான்.

இனி மேல்தட்டுப் போட்டிக்கு வருவோம். "சவூதியிலேயே நடத்துகிறார்களே" என்று கேட்கிறார்கள். 2024-ல் ரியாத்தில் இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை நடந்தது. பரிசு ஆறு கோடி டாலர். ஒரு சர்க்கார் நடத்துவது மார்க்கத்தில் ஆதாரமாகாது. ஆனால் அங்கே பரிசு ஆட்டக்காரர்கள் சேர்த்து வைத்த காசு அல்ல என்பதை மறுக்கவும் கூடாது. கட்டணமில்லாமல் சேர்ந்து, மூன்றாமவர் வைத்த பரிசை வாங்குவது கிமார் அல்ல. மேற்சொன்ன மூன்று வகைக்கு வெளியே எந்தப் பரிசும் கூடாது என்று கண்டிப்பாக நிற்கும் உலமாக்கள் உண்டு. அவர்களிடம் பலமான ஆதாரம் இருக்கிறது. ஆகுமான விளையாட்டில் மூன்றாமவர் தரும் அன்பளிப்பாக எடுத்துக்கொள்பவர்களும் இக்காலத்தில் உண்டு. என் அபிப்பிராயம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது, நிபந்தனைகளோடு.

பரிசு வைப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். நம் தேசத்துக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே 2023-லிருந்து 2025 வரை பணப் பந்தயக் கம்பெனியான டிரீம்11 பெயர் இருந்தது. 2025 சட்டம் வந்த பிறகே போனது. அத்தகைய கம்பெனியின் காசு, தோற்றவர்களிடம் வாங்கிய காசேதான், கை மட்டும் மாறி வந்திருக்கிறது. அதே போல், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் பழக்கம் இந்த விளையாட்டுகளில் இருக்கிறது. அதில் கரர், அதாவது இன்னதென்று தெரியாத ஒன்றுக்கு விலை கொடுப்பது, தெளிவாகவே இருக்கிறது. பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைத் தொடக் கூடாது.

தொழுகை விஷயம் தனி. ஆட்டம் தொடங்கினால் அரைமணி நேரம் எழுந்திருக்க முடியாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. பிற்பகலில் தொடங்கி இரவில் முடிந்தால் அஸர், மஃரிபு, இஷா மூன்றும் அதற்குள் வருகின்றன. மஃரிபின் நேரம் குறுகியது. அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் தடுப்பது சூதின் குணம் என்று அதே வசனத்தொடரில் வருகிறது. சூதில்லாத போட்டியும் அந்தக் குணத்தைச் சுமந்து வந்தால் அதைப் பரிசு கழுவிவிடாது. அட்டவணையைப் பார்த்து, இடைவேளையில் தொழ முடியும் என்றால் மட்டுமே சேரட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று அந்தக் கம்பெனியே வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் தகப்பனின் செல்போன் எண்ணைக் கொடுத்து அந்த வரம்பைத் தாண்டுகிறார்கள். அது பொய்.

இனி அந்தத் தாயின் இருநூறு ரூபாய். அதில் அரிசி வாங்கக் கூடாது. பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. பணம் யாருடையதோ அவர்களிடமே திரும்பிப் போக வேண்டும். மகன் தோற்றவர்களில் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அவரவர் பங்கைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரட்டும். ஆள் தெரியாத பங்கை நன்மையை எதிர்பார்க்காமல் ஓர் ஏழைக்குக் கொடுத்துவிடட்டும். முன்காலத்தில் இப்படிச் சொன்னால், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று யாருக்கு ஞாபகம் என்பார்கள். இப்போது யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வளவு அனுப்பினார் என்பது ரூம் நடத்தியவரின் செல்போனில் வரிசையாக இருக்கிறது. மகன் அதை இன்றே கேட்டு வாங்கட்டும்.