349: வாக்கைக் கட்டுவது எது?

வாக்கைக் கட்டுவது சொன்னவரின் உள்ளெண்ணமா, வெளியே சொன்ன சொல்லா? 1992 மே மாதம் பிலிப்பைன்ஸில் பெப்சி நிறுவனம், பாட்டில் மூடிகளுக்குள் எண் அச்சிட்டு நடத்திய போட்டியில் 349-ஐப் பரிசு எண்ணாக அறிவித்தது. உச்சப் பரிசு பத்து லட்சம் பெசோ. தவறுதலாக லட்சக்கணக்கான மூடிகளில் அந்த எண் அச்சாகியிருந்தது. மூடியில் இருந்த பாதுகாப்புக் குறியீடு பொருந்தவில்லை என்று பரிசை மறுத்த நிறுவனம், நல்லெண்ணத்தின் பேரில் மூடிக்கு 500 பெசோ தந்தது.

வாக்குறுதிச் சொல்லைப் பொருள் அறிந்து சொன்னவர், மனத்துக்குள் வேறு நினைத்தாலும் கட்டுப்பட்டவரே என்றார் தத்துவவாதி டேவிட் ஹியூம். விளையாட்டாகச் சொன்னால் மட்டும் விலக்கு உண்டு. பெப்சி சொன்னது விளையாட்டல்ல; பிழைதான். பிழை நேர்மையானதாகவே இருக்கட்டும். மூடியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஏழைக்கு அந்தக் குறியீட்டின் சூட்சுமம் எப்படித் தெரியும்? பிழையின் சுமையை அவர் தலையில் சுமத்தியது அநியாயம். ஆனால் 2006-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்றே தீர்ப்பளித்தது.