உளியும் பட்டமும்

"பட்டம் ஒருவனைச் சிற்பியாக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்காது, கல்லுக்குச் சான்றிதழ் படிக்கத் தெரியாது. ஆயினும், கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

தலைமுறை தலைமுறையாக உளி தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கே போய்க்கொண்டிருந்தது. செங்கற்பட்டுச் சீமையின் கடலோரமான மாமல்லபுரத்தில், 1957-இல் அரசாங்கம் சிற்பப் பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கியது. தலைமை ஏற்ற வைத்தியநாத ஸ்தபதியும், பின்னர் வந்த அவர் மகன் கணபதி ஸ்தபதியும் பரம்பரைச் சிற்பிகளே. ஆனாலும் குலச் சொத்தாக இருந்த வித்தை அங்கே எல்லார்க்கும் பாடமாயிற்று. பிறப்பால் வேற்றுமை பாராத வள்ளுவருக்குக் குமரிக் கடலில் 133 அடியில் சிலை வடித்தவரும் இந்தக் கணபதி ஸ்தபதிதான்.

கூடம் கல்லூரியாகிவிட்டது; பட்டமும் தருகிறது. கோயிலுக்கு விக்கிரகம் செய்யச் சொல்லப் போகும் நம்மில் பலரோ, இன்னமும், "தம்பி யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் விசாரிக்கிறோம். கல்லூரி கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியை நாம் எப்போது விடப்போகிறோம்?