எத்தனையாம் பிள்ளை?

தவணைப் பரீட்சை முடிந்து அறிக்கை வீட்டுக்கு வரும் வாரத்தில் ஹெந்தளைச் சந்தியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் கோயில் வாசலிலும் ஒரே விசாரணைதான்: "மகள் எத்தனையாம் பிள்ளை?" பின்னம் கூட்டப் பழகிவிட்டாளா, ஒரு பந்தியை வாசித்துத் தன் சொல்லில் சொல்லுவாளா என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் தாய்க்குப் பதில் தெரியாது. கையிலுள்ள அறிக்கையில் அது இல்லையே! கணிதம் 58, தமிழ் 71, வகுப்பில் 17. அவ்வளவுதான்.

58 என்றால் என்ன? நீங்கள் சிந்திக்கத் தெரிந்தவர், சொல்லுங்கள் பார்ப்போம். இழந்த 42 எங்கே போனது? பக்கத்து வாங்கில் இருக்கும் பையனுக்கும் 58தான். அவனுக்கு வகுத்தல் வராது. இவளுக்கு வகுத்தல் தண்ணீர்பட்ட பாடு. வசனக் கணக்கை வாசித்து விளங்குவதில்தான் இடறல். இரண்டு குறை, ஒரே எண். நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் பரிகாரமும் ஒன்றுதான்: இன்னொரு டியூசன் வகுப்பு.

பிரேக் பிடிப்பதில் பூச்சியம், ஹோன் அடிப்பதில் நூறு எடுத்தவருக்குச் சராசரி 50 என்று சாரதி அனுமதிப்பத்திரம் கொடுத்தால் அவருடைய பஸ்ஸில் ஏறுவீர்களா? (நீர்கொழும்பு வீதியில் அப்படிச் சிலர் ஓடுகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.) பிள்ளையின் அறிவுக்கு மட்டும் அந்தச் சராசரி போதும் என்கிறோம். முதலாம் தவணையில் பின்னத்தில் 30 எடுத்தவன், விழுந்தெழும்பிப் படித்து மூன்றாம் தவணையில் 90 எடுக்கிறான். இரண்டையும் கூட்டி வகுத்து 60 என்று எழுதுகிறோம். அவனுக்கு இன்று பின்னம் தெரியும் என்பது உண்மை. நாம் எழுதிய 60 பொய்.

அந்த 17 இன்னும் மோசம். வகுப்பு முழுவதும் பாடத்தைக் கரைத்துக் குடித்தாலும் ஒரு பிள்ளை கடைசியாக வந்தே தீர வேண்டும். ஒருவருமே படிக்காவிட்டாலும் ஒரு பிள்ளை முதலாவதாக வந்தே தீரும். அறிவை அளக்கவே அளக்காத ஓர் எண்ணை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பிள்ளையிடம் "நீ மொக்கு" என்று சொல்ல நமக்கு யார் உரிமை தந்தது?

இதற்கு மாற்று இனிமேல்தான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று நினைக்காதீர்கள். 1998இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் பரீட்சார்த்தமாகத் தொடங்கியதே கம்பஹா மாவட்டத்தில்தான். ஹெந்தளை இருக்கும் மாவட்டம். அடுத்த ஆண்டு அது நாடு முழுவதும் போனது. தரம் 1, 2 முதலாவது முதன்மை நிலை, 3, 4 இரண்டாவது, 5 மூன்றாவது. ஒவ்வொரு நிலையையும் கடக்கும்போது பிள்ளைகள் கைவரப் பெற்றிருக்க வேண்டியவை 'அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள்' என்று பட்டியலிடப்பட்டன. எல்லாப் பிள்ளைகளும், முதல் பத்துப் பேர் அல்ல. யார் யாரை முந்தினார் என்பது ஆசிரியரின் பதிவுக்குத் தேவையில்லை; எந்தப் பிள்ளைக்கு எது கைவந்துவிட்டது, எதற்கு இன்னும் உதவி வேண்டும் என்பதே தேவை. 2007 முதல் இடைநிலை வகுப்புகளுக்கும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் 'தேர்ச்சி மட்டம்'. வகுப்பறைக்குள் போனால் கடந்தகால வினாத்தாள்.

அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1968லேயே தேர்ச்சியைப் பார்க்கும் இந்த வழிக்கான நியாயத்தை எழுதிவிட்டார்: எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்தால் சிலர்தான் தேறுவார்கள், நேரத்தையும் உதவியையும் பிள்ளைக்கேற்ப மாற்றினால் பெரும்பாலானோர் தேறலாம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிப் பாடங்களை ஏணிப்படிகளாக அடுக்கியது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்த பிள்ளை திரும்பி வந்து தான் நின்ற படியிலிருந்தே ஏறலாம். குறை சொன்ன ஆசிரியர்களும் இருந்தார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துத்தான் பார்த்தது.

நம்மூரில் அந்தத் தேர்ச்சிப் பட்டியலைப் புதைத்தது யார்? அரசாங்கம் என்று சொல்லித் தப்பலாம், பாதி உண்மையும்கூட. ஒரு கையால் தேர்ச்சிப் பட்டியலைத் தந்த அரசு, மறுகையில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையை விடாமல் வைத்துக்கொண்டது. மொத்தம் 200 புள்ளி, நல்ல பாடசாலையில் இடம் பிடிக்க ஒரு வெட்டுப்புள்ளி. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் தமிழ்மொழிமூலப் பாடசாலைத் தட்டுப்பாடு ஊரறிந்த குறை. அதனால்தான் விடியமுன்னர் வான் ஏறி, களனி ஆற்றைத் தாண்டி, கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் பிள்ளைகள் போகிறார்கள். ஊருக்கு ஊர் நல்ல பாடசாலை இருந்தால் வெட்டுப்புள்ளிக்கு என்ன வேலை? பெரியவர்கள் உண்டாக்கிய தட்டுப்பாட்டைப் பங்கிடும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டோம். இடம் கிடைக்காதபோது மட்டும் "உனக்கு மூளை இல்லை".

மற்றப் பாதி நாம். பரீட்சைக்கு முதல்நாள் பேனையைச் சாமி காலடியில் வைத்து எடுக்கிறீர்கள். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறீர்கள். செய்யுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் பெறுபேறு வந்தபின் "அவனுக்குப் படிப்பு எழுதவில்லை" என்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எழுதுவது யார்? தரம் இரண்டில் எழுத்துக்கூட்டத் திணறியவனைத் திணறத் திணறவே தரம் மூன்றுக்கு ஏற்றியது விதியா, நாமா?

அவன் இன்று எட்டாம் தரத்தில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பதுபோல் நடிக்கிறான். நாள் முழுவதும் நடிப்பது எத்தனை களைப்பு என்று யோசித்ததுண்டா? பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பின்வாங்கில் குனிந்திருக்கிறான். கூப்பிட்டால் வாய் குளறும், வகுப்பு சிரிக்கும். அதைவிடக் குழப்படி செய்து வெளியே நிற்பது மரியாதை என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்கிறான், சரியான கணக்கு! பிறகு ஒருநாள் வராமலே விடுகிறான். அவன் எங்கே தடக்குப்பட்டான் என்பது ஒழுங்கான பதிவில் ஏழு வயதிலேயே தெரிந்திருக்கும். எழுத்துக்கூட்டப் பழக்க ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய விடயம் அது.

"உலகமே போட்டி, சேர்" என்பீர்கள். பல்கலைக்கழகத்தில் இடம் குறைவு, தெரிவு செய்யத்தான் வேண்டும், மறுக்கவில்லை. பதினெட்டு வயதில் செய்ய வேண்டிய தெரிவை ஆறு வயதிலேயே தொடங்குவானேன்? "நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் எப்படிப் பார்ப்பது?" என்று ஆசிரியர் கேட்கிறார். இது நேர்மையான கேள்வி. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்ற பெயரில் அவர் தலையில் ஏறியது படிவங்கள்தான். தவணை முடிவில் ஒரே இருப்பில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்து வைத்த கதை எல்லோரும் அறிந்தது. அடையாத தேர்ச்சிக்குச் சரி போடுவது, 58 போடுவதைவிடப் பெரிய பொய். ஒரு பாடத்துக்குத் தவணைக்கு ஐந்தாறு தேர்ச்சி போதும். அவற்றை உண்மையாகப் பாருங்கள். தவறியவர்களுக்கு மறுபடியும் வாய்ப்புக் கொடுங்கள். பழைய தவறை அழித்துவிட்டு இன்றைய நிலையை எழுதுங்கள்.

வேலைப்பளு மட்டும்தானா தடை என்பதில் எனக்குச் சந்தேகம். புள்ளி எப்போதும் பிள்ளையைத்தான் கூண்டில் ஏற்றும். தேர்ச்சிப் பதிவோ பெரியவர்களையும் விசாரிக்கும். நாற்பது பேரில் முப்பது பேருக்கு மணிக்கூடு பார்த்து நேரம் சொல்லத் தெரியவில்லை என்று அது காட்டினால், முப்பது பிள்ளைகளும் மொக்கு என்று எவரும் சொல்ல முடியாது. பாடம் நடந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டிவரும். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பாடம் வேறு விதமாக மறுபடி நடக்குமா? அல்லது "பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்" என்று அடுத்த அலகு தொடங்குமா? பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று அதிபரிடம் இதைக் கேட்க உங்களைத் தடுப்பது எது?