எனக்காகவும் ஒரு வார்த்தை

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து, சீசன் கடைகள் ஒவ்வொன்றாய்ச் சுருளும் செப்டம்பர் கடைசியில்தான் தென்காசி மிக்கேல் அதிதூதர் கோவிலில் திருவிழா. எங்கள் அத்தை தவறாமல் போவார். அப்பா தவறியும் போகமாட்டார். அத்தை ஆர்.சி. வீட்டில் வாழ்க்கைப்பட்டவர், அப்பா சி.எஸ்.ஐ. ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அப்பா ஜெபம் என்பதை அத்தை செபம் என்பார்.

அப்பாவின் கட்சி எளியது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நிற்பவர் இயேசு ஒருவரே என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிவிட்டார். அப்புறம் எதற்கு இன்னொரு ஆள்? "தாலுகா ஆபீசுக்குத்தான் சிபாரிசு வேணும். கர்த்தர் வாசலுக்குமா?" என்பார். இந்தக் கேள்வியில் உள்ள காட்டம் நம் ஊரை அறிந்தவர்களுக்குப் புரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையோ, காலேஜ் சீட்டோ, எதுவானாலும் "அங்கே நமக்கு யார் இருக்கா?" என்று முதலில் விசாரித்துப் பழகியவர்கள் நாம். கடவுளையும் எட்டாத ஓர் அதிகாரியாக்கிவிடுவோம் என்ற அச்சம் நியாயமானதே. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளில் 22ஆவது, புனிதரிடம் மன்றாடுவதை வேதத்தில் வேரில்லாத கற்பனை என்று தள்ளியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலம்தொட்டு நெல்லைச் சீமையில், பின்னாளில் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்த சி.எம்.எஸ். மிஷன் சபைகள் வளர்ந்தது அந்த மரபில்தான்.

அத்தையின் பக்கமும் வெறும் பழக்கம் அல்ல. 1563இல் கத்தோலிக்கரின் திரெந்துச் சங்கம் புனிதரிடம் மன்றாடுவதை நல்லது, பயனுள்ளது என்றது; வரம் வருவது கடவுளிடமிருந்து, கிறிஸ்து வழியாக என்பதையும் சேர்த்தே சொன்னது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதருக்கு வணக்கம். தோபித்து நூலில் ரபேல் தூதர் மனிதரின் மன்றாட்டைக் கடவுள்முன் கொண்டுபோகிறார். ஆனால் அந்த நூல் அப்பாவின் பைபிளில் கிடையாது. வாக்குவாதம் அந்த இடத்தில் தடுக்கி விழும். இருவர் பைபிளிலும் உள்ள வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்தாலும் தீராது: ஒரு தூதர் பரிசுத்தவான்களின் ஜெபங்களோடு தூபம் காட்டுகிறார், இன்னொரு தூதர், தன் காலில் விழுந்த யோவானைத் தடுத்து, நானும் உன்னைப்போல் ஊழியன்தான் என்கிறார்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த வாரம் எனக்கு வேறொன்று புரிந்தது. சபைக் குருவான சேகரத்து ஐயர் வந்தார். "எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க ஐயா" என்றார் அப்பா. உபதேசியாரிடமும் சொன்னார். அத்தையிடமும்! அத்தை விடுவாரா? "உபதேசியார்கிட்டே கேக்கலாம், கடவுள் சன்னிதியிலேயே நிக்கிறவங்ககிட்டே கேக்கக் கூடாதா அண்ணே?" அப்பாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, தையல் வலித்தது.

ஆள் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல, சாவு அந்த ஆளின் வாயை அடைத்துவிடுமா என்பதுதான் இவர்களுக்குள் வழக்கு. உறங்குகிறவர் எப்படிக் கேட்பார் என்பது அப்பா. கிறிஸ்துவுக்குள் இருப்பவர் எப்படிச் சாவார் என்பது அத்தை. தென்காசியில் காசி விசுவநாதர் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் அதைக் காப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்வெட்டில் சொல்லிப் போயிருக்கிறான். ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வேண்டுகோள் இறந்தவன் வாயிலிருந்து இருப்பவர் காதுக்கு வந்துகொண்டே இருக்கிறது. மறுதிசையிலும் குரல் போகுமா என்பதில்தான் எங்கள் வீடு இரண்டாகிறது. கல்லறைத் திருநாளன்று அப்பா ஆச்சியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி வெகுநேரம் நிற்பார். உதடு அசையும். யாரிடம் என்று நான் கேட்டதில்லை.

தன்னந்தனியாய்க் கடவுள்முன் நிற்கும் தெம்பு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. கடவுள் தூரத்தில் இருப்பதால் அல்ல; நாங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தே நடந்து பழகியவர்கள்.

செப்டம்பர் 29 சி.எஸ்.ஐ. நாட்காட்டியிலும் மிக்கேலுக்கும் சகல தூதருக்குமான நாள்தான். எபிரேயத்தில் அந்தப் பெயரே ஒரு கேள்வி: கடவுளுக்கு நிகர் யார்? அப்பா ஆயுள் முழுக்கக் கேட்கும் கேள்வியைத்தான் அத்தை ஆண்டுதோறும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இதை அப்பாவிடம் சொன்னேன். பதில் இல்லை. அந்த வருஷத் திருவிழாவன்று அத்தையைப் பைக்கில் கொண்டுபோய்க் கோவில் வாசலில் இறக்கிவிட்டார். சப்பரம் புறப்படுமுன் திரும்பிவிட்டார்.