யார் சேர்த்த புண்ணியம்?

2021 மே மாதம் கல்கரியில் பெண்களுக்கான உலகக் கேர்லிங் போட்டி நடந்தது. கனடாவுக்காக ஆடியது கெரி ஐனர்சனின் அணி. முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றார்கள். பிறகு தட்டுத்தடுமாறி எழுந்து, ஏழு வெற்றி, ஆறு தோல்வி என்ற கணக்கோடு ஆறாம் இடத்தைப் பிடித்தார்கள். முதல் ஆறு நாடுகளுக்கு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம் உறுதி. கனடாவுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். அதே ஆண்டு நவம்பரில் சஸ்கட்டூனில் கனடாவின் தெரிவுப் போட்டி நடந்தது. அதில் வென்று பெய்ஜிங்குக்குப் போனது ஜெனிஃபர் ஜோன்ஸின் அணி.

இதில் மோசடி எதுவும் இல்லை. ஒலிம்பிக் இடம் நாட்டுக்குச் சேரும், ஆடிய அணிக்குச் சேராது என்பது எல்லாரும் முன்பே அறிந்த விதி. 2018 ஒலிம்பிக்குக்கும் இப்படித்தான் நடந்தது. முந்திய இரண்டு உலகப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டினார்கள். முதலிடத்துக்கு 14, இரண்டாமிடத்துக்கு 12, மூன்றாமிடத்துக்கு 10, அதன் பின் ஒவ்வொன்றாகக் குறைந்து பன்னிரண்டாம் இடத்துக்கு 1. ஆண்கள் பிரிவில் 2016இல் பாசல் நகரில் வென்று கெவின் கோ 14 எடுத்தார். 2017இல் எட்மன்டனில் ஓர் ஆட்டமும் தோற்காமல் பிறட் குஷூ 14 எடுத்தார். கனடாவின் 28 புள்ளியில் சரிபாதி குஷூ அணியின் உழைப்பு. தென்கொரியாவில் நடந்த அந்த ஒலிம்பிக்குக்குப் போனதோ கோவின் அணி. செய்தவன் ஒருவன், அனுபவித்தவன் இன்னொருவன். விளையாட்டுப் பக்கத்தில் இது இரண்டு வரிச் செய்தி. சைவ வீட்டில் வளர்ந்தவனுக்கு நித்திரையைக் கெடுக்கிற கேள்வி.

நான் ஓய்வு பெற்ற கணக்காளன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், ஒன்ராறியோவில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் கேர்லிங் கழகத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஆடும் முதியவர்களின் புள்ளிப் பட்டியல் என் பொறுப்பு. வென்றால் இரண்டு, சமன் என்றால் ஒன்று. பேரேடு பார்த்துப் பழகிய கைக்கு இது சின்ன வேலை. ஆனால் இந்தச் சின்னப் பட்டியலை எழுத உட்காரும்போதெல்லாம் ஐயாவின் குரல் காதில் விழும். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு சிவஞான சித்தியார் படித்தவர் அவர். வினை என்றால் என்ன, அது யாரைச் சேரும், எப்படிச் சேரும் என்று மாலைநேரங்களில் வருவோர் போவோரோடு வாதாடுவார். எனக்கு அப்போது அதில் பாதி விளங்காது. விளங்க வைத்தது இந்தப் பனித்தளம்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அணியில் நாலு பேர். ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கருங்கல் ஒன்றை, பனித்தளத்தின் மறுகோடியில் வரைந்திருக்கும் வட்டத்தை நோக்கி வழுக்கி விடவேண்டும். ஒருவர் கல்லை விடுவார். இருவர் அதன் முன்னால் ஓடி ஓடிப் பனியைத் தேய்த்து, அதன் தூரத்தையும் வளைவையும் மாற்றுவார்கள். நாலாவது ஆள் மறுகோடியில் நின்று கத்துவார். ஒரு கல் வட்டத்தின் நடுவில் போய் நின்றால் அது யாருடைய செயல்? விட்டவருடையதா, தேய்த்தவருடையதா, தேய்க்கச் சொன்னவருடையதா? கேர்லிங் இந்தக் கேள்விக்குள் இறங்குவதில்லை. புள்ளியை அணிக்கு எழுதிவிடுகிறது.

அப்படியானால் அணி என்பது என்ன? ஆட்கள் மாறுகிறார்கள். 2006 டூரின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற குஷூ, 2022 பெய்ஜிங்கில் வெண்கலம் வென்றார். இரண்டு முறையும் அவரோடு நின்றவர் மார்க் நிக்கல்ஸ். மற்ற இருவர் வேறு ஆட்கள். அது அதே அணியா? கனடாவின் தேசியப் போட்டிக்கு முந்திய பருவத்தின் தரவரிசையைக் கொண்டு சில அணிகளை நேரே சேர்த்துக்கொள்ளும்போது ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நால்வரில் மூவராவது தொடரவேண்டும். மூவர் தொடர்ந்தால் பழைய உழைப்பின் பலன் கூட வரும். இருவர் மட்டும் மிஞ்சினால் அந்த அணி இறந்தது, இது புதுப்பிறவி.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சைவ ஆசிரியர்கள் பௌத்தர்களிடம் கேட்ட கேள்வி இதுவேதான். கணத்துக்குக் கணம் எல்லாம் அழிந்து புதிதாகிறது என்றால், நேற்று வினை செய்தவன் இன்று இல்லை. பிறகு பலனை யார் அனுபவிப்பது? பௌத்தர் சொன்ன பதில், நிலையான ஆள் இல்லாவிட்டாலும் தொடர்ச்சி இருக்கிறது, அது போதும் என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை எழுதி மற்றச் சமயங்களை ஒவ்வொன்றாக மறுத்தபோது பௌத்தர்களும் அதில் அகப்பட்டார்கள். சைவம் உயிர் என்ற நிலையான ஒன்றை நிறுத்தி, வினையை அதன் மேல் எழுதியது. கேர்லிங் சட்டம் எழுதியவர்கள் உயிரையும் தேடவில்லை, தொடர்ச்சி மட்டும் போதும் என்றும் விடவில்லை. முக்கால் பங்கு என்று ஒரு கோடு கிழித்தார்கள். தத்துவமாகப் பார்த்தால் இது அபத்தம். கணக்காளனாகப் பார்த்தால் வேறு வழியில்லை. எங்கேயாவது கோடு கிழிக்காமல் எந்தப் பேரேட்டையும் மூடமுடியாது.

எங்கள் கழகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. எங்கள் அணியில் முதல் கல் விடுபவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. அவருக்குப் பதிலாகப் பக்கத்து அணியிலிருந்து ஒருவரைக் கடன் வாங்கினோம். அந்தப் பருவத்தில் நாங்கள் நன்றாக ஆடியதே அவரால்தான். இறுதியில் பட்டியலில் அவருடைய சொந்த அணிக்கு மேலே நாங்கள் நின்றோம். எங்கள் ஸ்கிப், அதாவது அணித்தலைவர், ஓய்வு பெற்ற தபால்காரர். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். "இந்த ஆள் தன் புள்ளியால் தன்னையே தோற்கடித்துவிட்டார்" என்றார். எல்லாரும் சிரித்தோம். கடன் வந்தவரும் சிரித்தார். அவர் அந்தப் புள்ளியைக் கொடுத்ததாகவே நினைக்கவில்லை.

வில்லிபாரதத்தில் கர்ணன் போர்க்களத்தில் சாய்ந்து கிடக்கும்போது, கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் முழுவதையும் கேட்கிறான். கர்ணன் தன் இரத்தத்தைத் தாரையாக வார்த்துக் கொடுக்கிறான். எங்கள் மரபில் புண்ணியம் கைமாறும். ஆனால் உடையவன் மனமறிந்து கொடுத்தால்தான் மாறும். ஐனர்சன் அணியினர் கொடுத்தார்களா? கொடுத்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். நாட்டின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு தளத்தில் இறங்கியபோதே தாரை வார்த்தாயிற்று. அவர்கள் ஆடியது தமக்காக மட்டும் இல்லை என்பது அந்த விதியிலேயே இருந்தது. இழந்தார்கள் என்று நாங்கள் வெளியிலிருந்து சொல்லலாம். அவர்கள் தொடக்கத்திலேயே அந்த இடத்தைத் தமது என்று எழுதிக்கொள்ளவில்லை.

அடுத்த கேள்வி, எவ்வளவு? பருவம் முழுவதும் நடக்கும் போட்டிகளில் அணிகளின் தரவரிசைப் புள்ளி, எத்தனை வெற்றி என்பதை மட்டும் பார்த்து வருவதில்லை. அந்தப் போட்டிக்கு யார் யார் வந்தார்கள் என்பதைக் கொண்டு களத்தின் பலத்துக்கு ஓர் எண் கணிக்கிறார்கள். புள்ளியை அந்த எண்ணால் பெருக்குகிறார்கள். உலகின் முன்னணி அணிகள் கூடிய இடத்தில் வென்றால் மலையளவு, சிற்றூர்ப் போட்டியில் வென்றால் கையளவு. கல் ஒன்றே, பனி ஒன்றே, தேய்த்த தோள்வலியும் ஒன்றே. பலன் வேறு.

இது எங்களுக்குப் புதிதில்லை. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்று சொல்லி வளர்த்தார்கள். ஒரே பிடி அரிசி, வாங்குகிறவரைப் பொறுத்து அதன் புண்ணியம் கூடும், குறையும். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. களத்தின் பலம் வந்த அணிகளின் தரத்திலிருந்து வருகிறது. அணிகளின் தரம் அவை ஆடிய களங்களிலிருந்து வருகிறது. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த நிலையைத் தருக்கத்தில் அன்னியோன்னியாசிரயம் என்று குற்றமாகச் சொல்வார்கள். முந்திய பருவத்தின் தரத்தை வைத்து இந்தப் பருவத்தின் களத்தை அளந்து தப்பிக்கலாம். அதற்கு முந்தியது? அதற்கும் முந்தியது? உடல் இல்லாமல் வினை இல்லை, வினை இல்லாமல் உடல் இல்லை, எது முதல் என்று கேட்டபோது சைவம் "அநாதி" என்று சொல்லிவிட்டது. கேர்லிங்குக்கு அந்த வசதி இல்லை. எந்தப் பட்டியலுக்கும் ஒரு முதல் நாள் உண்டு. அன்றைக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து, எதற்கு எவ்வளவு பெறுமதி என்று தீர்மானித்து எழுதியிருக்கவேண்டும். அந்த முதல் வரி யாருடைய தகுதியாலும் வந்ததில்லை. அது ஒரு முடிவு. அதன் மேல்தான் பின்னால் வந்த தகுதி எல்லாம் அடுக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பலமான களங்கள் எங்கே கூடுகின்றனவோ அங்கே போகக் காசு வேண்டும், விடுப்பு வேண்டும். கனடாவின் வடகோடியில் பிறந்தவனுக்கு ஒவ்வொரு பயணமும் விமானப் பயணம். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை முறை வென்றாலும் பெருக்கும் எண் சிறியது. பிறந்த இடம் அவன் செய்த வினையா? முற்பிறப்பு என்று ஐயா சொல்லியிருப்பார். எனக்கு அந்தப் பதில் அன்றும் ஒத்துவரவில்லை, இன்றும் ஒத்துவரவில்லை.

மூன்றாவது, எத்தனை நாளைக்கு? புள்ளிக்கு ஆயுள் உண்டு. பழைய வெற்றிகள் கணக்கிலிருந்து கழன்றுவிடும். ஜோன்ஸ் 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டமும் தோற்காமல் தங்கம் வென்றவர். 2021இல் சஸ்கட்டூனில் நின்றபோது அந்தத் தங்கம் அவருக்கு ஒரு கல்லைக்கூட நகர்த்திக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் சித்திரா பௌர்ணமியன்று கோயிலில் யமனின் கணக்கர் சித்திரபுத்திரனாரின் கதை படிப்பார்கள், சித்திரைக் கஞ்சி வார்ப்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மறக்காத கணக்கர் என்றால் பயம். எழுதியது எழுதியதுதான், அனுபவித்தே தீர்க்கவேண்டும். கேர்லிங்கின் கணக்கர் மறக்கிறார். தோற்றவன் திரும்பி எழ அதில் இடம் இருக்கிறது. வென்றவன் சாய்ந்து படுக்க இடம் இல்லை. மறதியை நீதி என்று சொல்லமுடியாது. ஆனால் அதில் ஒரு கருணை இருக்கிறது.

கருணை எப்போதும் கிடைப்பதும் இல்லை. 2020 மார்ச்சில் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் நடக்கவேண்டிய பெண்கள் உலகப் போட்டி, கொரோனாவால், தொடங்க இருந்த வேளையில் நிறுத்தப்பட்டது. ஆண்களுடையதும் நின்றது. அந்த ஆண்டுக்கான புள்ளி யாருக்கும் இல்லை. ஆயத்தமாக வந்தவர்களின் உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஊழ் என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏறாதவை இன்னும் உண்டு. 2021 பெப்ரவரியில் கனடாப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டத்தில் றேச்சல் ஹோமன் ஐனர்சனிடம் தோற்றார். ஹோமன் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. பட்டியலில் இரண்டாம் இடம் இரண்டாம் இடம்தான், வயிற்றுப் பிள்ளைக்கு அதில் பத்தி கிடையாது. அதுபோல, ஓடும் கல்லில் தான் பனி தேய்க்கும் தூரிகை பட்டுவிட்டால் பட்டவரே சொல்லவேண்டும் என்பது கேர்லிங்கின் மரபு. யாரும் கண்டிருக்கமாட்டார்கள். சொன்னால் கல் போகும், சிலவேளை ஆட்டமே போகும். சொல்கிறார்கள். இந்த ஆட்டத்தில் நான் கண்ட ஆகப் பெரிய அறம் இதுதான். இதற்குப் புள்ளி இல்லை என்பதோடு, இருக்கும் புள்ளியும் போய்விடும்.

நல்வினையும் ஒரு விலங்கு, பொன்னால் செய்தது என்று எங்கள் சமயத்தில் சொல்வார்கள். இருவினை ஒப்பு என்ற நிலைக்கு வந்த உயிர் புண்ணியத்தையும் பாவத்தையும் சேர்ப்பதற்கும் அஞ்சுவதற்கும் உரியவையாக நினைக்காது. சிறுவயதில் இதை உலகத்தை வெறுப்பது என்று எடுத்துக்கொண்டேன். இப்போது வேறு மாதிரி விளங்குகிறது. செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்ததும் எட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்காருவோம். வென்றவர்கள் தோற்றவர்களுக்கு முதல் குவளை வாங்கிக் கொடுப்பது கேர்லிங் வழக்கம். எனக்கு ஜிஞ்சர் ஏல். அந்த மேசையில் யாரும் புள்ளியை வெறுப்பதில்லை. முழுப் பலத்தோடு ஆடித்தான் வந்திருப்பார்கள். அதைத் தங்கள் பெறுமதி என்று சுமந்துகொண்டு இருப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. தரவரிசை தேவை. இருபது அணிக்கு எட்டு இடம் என்றால் யாரோ எண்ணித்தான் ஆகவேண்டும், எண்ணுவதை நேர்மையாகச் செய்யவேண்டும். ஆனால் அந்த எண் சொல்வது அடுத்த போட்டியில் யாருக்கு இடம் என்பதை மட்டும். அதைத் தனி ஒருவரின் சொத்து என்றும், அவர் ஆளின் அளவு என்றும் படிப்பது தவறு. ரொறன்ரோவிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளின் புள்ளியை வைத்துப் பிள்ளைகளை நிறுக்கும் பெற்றோரை நான் அறிவேன், ஆகையால் கேட்கிறேன். அடுத்த முறை ஒரு தரவரிசையைக் கையில் எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: இதில் வேறு யார் யாருடைய உழைப்பு இருக்கிறது, இது எந்தக் களத்தில் கிடைத்தது, இது எத்தனை நாளைக்குச் செல்லும்? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், அந்த எண்ணை வைத்துப் பிள்ளையை மெச்சவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம்.