சங்கும் சங்கமும்

உழைப்பவர் படும் பாடு முன்வினைப் பயனா, பிறர் இழைக்கும் அநீதியா என்ற கேள்வி நெடுங்காலம் உரையாசிரியர்களின் கையில் இருந்தது. ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் ஒதுக்கிய திருக்குறளே அதை ஒரே பக்கமாகத் தீர்த்துவைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைப் பெரம்பூர்ப் பகுதியில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் எழுந்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசல் வழியாக வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி கூலியையும் நேரத்தையும் பற்றியதாக மாறியது.

முதலில் மாறியது நேரம். குழித்தறி நெசவாளர் வெயிலையும் மழையையும் பாவு காய்வதையும் பார்த்து வேலை செய்தார். பல ஊர்களில் அமாவாசையன்று தறியில் உட்காரும் வழக்கமில்லை. கடன்காரர் கதவைத் தட்டினால் இரவிலும் தறி ஓடும். அந்த வாழ்க்கை சுகமானது என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாளின் தாளம் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. ஆலையிலோ சங்கு ஊதியது. கோயிலிலும் சாவு வீட்டிலும் கேட்டுப் பழகிய பெயரையே நீராவிக் கருவியின் அலறலுக்கும் மக்கள் சூட்டினார்கள். முதல் சங்குக்கு எழ வேண்டும், அடுத்த சங்குக்கு வாசலில் நிற்க வேண்டும், தாமதித்தால் கூலியில் பிடித்தம். 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பஞ்சாலைகளில் வயதுவந்த ஆண்களுக்கு விதித்த உச்சவரம்பே நாளுக்கு 12 மணி நேரம்.

ஓய்வு நாளும் கைமாறியது. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தந்தது. பைபிளின் ஓய்வுநாளிலிருந்து ஐரோப்பிய வழக்கமாகி வந்த ஞாயிற்றுக்கிழமை இப்படி இந்து, முஸ்லிம் தொழிலாளர் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. பம்பாயில் அந்த நாளுக்காகப் போராடியவர் ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகாண்டே. மராத்தித் தொழிலாளர் பலருக்கு ஞாயிறு ஏற்கெனவே கண்டோபா சாமியின் நாள் என்பதால் அங்கே அது அந்நியமாகத் தோன்றவில்லை. தமிழ் நெசவாளரின் அமாவாசைக்கு அப்படியொரு பொருத்தம் வாய்க்கவில்லை.

அடுத்தது கருவி. ஆயுத பூஜையன்று நெசவாளர் தம் நாடாவையும் தறியையும் துடைத்துப் பொட்டு வைத்தால், அது தம்மோடு சேர்ந்து பாடுபடும் ஒன்றுக்குச் செய்யும் மரியாதை. அதே சந்தனம் ஆலை இயந்திரத்திலும் பூசப்பட்டது. பூசிய கைக்கு அந்த இயந்திரத்தின் ஒரு திருகாணிகூடச் சொந்தமில்லை. மேஸ்திரி சொன்னால் மறுநாளே வேறொருவர் அங்கே நிற்பார். கார்ல் மார்க்ஸ் 1844-இல் எழுதி, 1932-இல்தான் முழுமையாக அச்சேறிய கையெழுத்துப் படிகளில் இதற்கு அந்நியமாதல் என்று பெயர்: செய்யும் வேலையும் செய்த பொருளும் செய்தவருக்கு எதிரே வேற்றாளாக நிற்பது. ஆலைத் தொழிலாளி மார்க்சைப் படித்ததில்லை. என்றாலும் தமக்குச் சொந்தமில்லாத கருவிக்கு ஏன் பொட்டு வைத்தார்? பழக்கம் என்பது பாதி விடை. கையை இழுத்துக்கொள்ளும் பல்சக்கரத்தின் மேலிருந்த அச்சம் மீதி விடையாக இருக்கலாம்.

மதம் தொழிலாளரை மயக்கியதா, எழுப்பியதா என்ற விவாதத்துக்குப் பெரம்பூர் தரும் சான்று சுவையானது. அங்கே ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. ஆலைப் பகுதியில் வணிகம் செய்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதை நடத்தினார்கள். தொழிலாளர்கள் சமயச் சொற்பொழிவு கேட்கக் கூடும் இடம் அது. மேஸ்திரியின் கண்ணுக்கு அப்பால் அவர்கள் சேர்ந்து உட்காரக் கிடைத்த இடமும் அதுவே. பக்தியோடு பேச்சு நிற்கவில்லை. நடுப்பகல் இடைவேளை அரை மணிதான். அதற்குள் தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றை விழுங்கி, கை கழுவி, இயந்திரத்தடிக்குத் திரும்ப வேண்டும். இந்த அரை மணியும் அடியும் வசவும் சபையில் பேசப்பட்டன. தமிழறிஞர் திரு.வி.க. வந்து பேசினார். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா அழைத்து வரப்பட்டார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாக அது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

இங்கே ஒரு முரண் உண்டு. கர்மக் கொள்கையைப் பிரம்மஞானிகள் மனதார ஏற்றவர்கள். அவர்களில் ஒருவர் சங்கத் தலைவரானார். ஊழை நம்புகிறவர் கூலி உயர்வு கேட்கலாமா? ஒருவரது துன்பம் அவரது வினைப்பயன் என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் துன்பத்தைக் கையால் தருகிறவருக்கு அது புது வினைதானே. முதலாளியின் கணக்கில் அது ஏறாதா? வினைக் கொள்கையை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் இந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். பெரும்பாலான உபதேசங்கள் தொழிலாளியின் பழைய கணக்கை மட்டும் படித்துக் காட்டிவிட்டு ஏட்டை மூடின. சைவரான திரு.வி.க. ஏட்டை மூடவில்லை. சன்மார்க்கமும் பொதுவுடைமையும் ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு வழிகள் என்பது அவர் கடைசிவரை விடாத நிலைப்பாடு. அதில் தத்துவத் துல்லியத்தைவிட நல்லெண்ணமே அதிகம் என்று குறை சொல்லலாம். தொழிலாளர்கள் அவரை நம்பினார்கள் என்பதும் உண்மை.

1920-இல் பின்னி நிறுவனம் வாடியா முதலியோர் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை பெற்றது. சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அந்த வழக்கு ஒரு தூண்டுகோல்.

சபையின் எல்லையை 1921 காட்டியது. மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். கைமாற்றுக்கு வழியின்றி, நாள்கூலி நின்றால் அடுப்பும் நிற்கும் நிலையில் இருந்தவர்களிடம் வர்க்க ஒற்றுமை கேட்கப்பட்டது. சேரியைச் சமமாக நடத்தும் பழக்கமோ கேட்டவர்களிடம் இருக்கவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. வேலைநிறுத்தத்தின் தோல்விக்கு நிறுவனத்தின் சூழ்ச்சியை மட்டும் காரணமாகக் காட்டுவது வசதியான வரலாறு. ஒரே சங்குக்கு எழுந்தவர்கள் ஒரே கிணற்றில் நீர் இறைக்காதவர்களாகவே ஆலைக்குள் வந்திருந்தார்கள். ஆலை அதை மாற்றும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது.

1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர் வேறு விடை சொன்னார். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு பொருள்முதல்வாதத்துக்கு வந்த அவருக்கு ஊழ் என்பதே ஏழையை வாயடைக்கும் ஏற்பாடு. இந்தப் பார்வை பின்னாளில் செல்வாக்குப் பெற்றது. ஆலைவாசல்களில் ஆயுத பூஜையும் நிற்கவில்லை.

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அவற்றின் வாசலில் உணவுப் பொட்டலத்தோடு வந்து நிற்பவரின் இருசக்கர வாகனத்தில் பூஜை முடிந்து ஒரு வாரமாகியும் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். வண்டி அவருடையது, தவணை பாக்கியோடு. வேலைக்கு அழைக்கும் ஒலி சட்டைப் பையிலிருக்கும் செல்பேசியில் அவருக்கு மட்டும் கேட்கிறது.