மிச்சம் இருந்த பலம்

(கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் முன்றலில், அஸர் தொழுகைக்குப் பின், ஒரு குருவும் சீடனும் பேசியது.)

சீடன்: ஹஸ்ரத், ஊரில் எல்லாரும் என்னை வாழ்த்துகிறார்கள். ஆனால் மனதில் ஓர் உறுத்தல் கிடக்கிறது. உங்களிடம்தான் அதைக் கேட்கலாம்.

குரு: கேள் மகன். அதற்கு முன், நீ செய்தது என்னவென்று சொல். கொழும்பில் ஏதோ பந்தயம் ஓடினாய் என்று மட்டும்தான் என் காதுக்கு வந்தது.

சீடன்: ஓட்டம் அதில் கடைசிப் பங்குதான். முதலில் 1.9 கிலோமீற்றர் நீந்த வேண்டும். கரையேறியதும் 90 கிலோமீற்றர் சைக்கிள். அதை வைத்துவிட்டு 21.1 கிலோமீற்றர் ஓட்டம். எட்டரை மணிநேரத்துக்குள் முடிக்க வேண்டும். உடுப்பு மாற்றுகிற நேரமும் அதற்குள்தான். இந்த வகை அயர்ன்மேன் போட்டி இலங்கையில் முதன்முதலாக 2018 பெப்ரவரி 25ஆம் திகதி கொழும்பில் நடந்தது. அதில்தான் நானும் இறங்கினேன்.

குரு: பெப்ரவரியிலா? அதற்கு முந்திய மாதங்களில் நம் கடலில் கால் வைக்க முடியாதே.

சீடன்: அதுதான் பெரிய பாடு. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் கடல் கொந்தளித்துக்கொண்டே கிடந்தது. அதற்கு முன் கடல் அமைதியாக இருந்த மாதங்களில், கரைவலைக்காரர்களிடம் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நீந்தினேன். பிறகு கொழும்பில் தடாகத்தில்தான். சைக்கிளுக்கு நம் வீதியே போதும். அக்கரைப்பற்றிலிருந்து திருக்கோவில், கோமாரி தாண்டிப் பொத்துவில் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். ஏற்றம் இல்லை, வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லை.

குரு: சரி, முடித்தும் விட்டாய். பிறகு என்ன உறுத்தல்?

சீடன்: முடிவுக் கோட்டைத் தாண்டியபோது என்னிடம் பலம் மிச்சம் இருந்தது, ஹஸ்ரத். எனக்கு முன்னும் பின்னும் வந்தவர்களில் சிலர் தரையில் சாய்ந்தார்கள். ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் நடந்து போய்த் தண்ணீர் குடித்தேன். உள்ளதையெல்லாம் கொடுத்து முடித்தவனுக்குத்தானே அந்தப் பதக்கம் சொந்தம்? கொஞ்சம் ஒளித்து வைத்துக்கொண்டவனுக்கு எப்படிச் சொந்தமாகும்?

குரு: எங்கே ஒளித்தாய்?

சீடன்: சைக்கிளில். முதல் ஒரு மணிநேரத்தில் ஆட்கள் என்னை முந்திக்கொண்டே போனார்கள். என்னைவிட வயது கூடியவர்களும் போனார்கள். கால் புதிதாக இருந்தது, எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. உடம்பில் சேர்ந்து கிடக்கிற சர்க்கரைச் சத்து சுமார் 2,000 கலோரிதான் என்பார்கள். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு அந்தச் சர்க்கரையைத்தான் எரிக்கும். இரண்டு, மூன்று மணிநேரத்தில் அது தீர்ந்தால் பிறகு ஓட்டத்தில் கால் அசையாது. அதற்குப் பயந்துதான் விட்டுக்கொடுத்தேன்.

குரு: அந்த ஒரு மணிநேரம் உனக்கு எப்படி இருந்தது?

சீடன்: நாள் முழுக்க அதுதான் கஷ்டம். கடைசிக் கிலோமீற்றர்களில் தொடை பிடித்ததுகூட அவ்வளவு இல்லை. ஒவ்வொரு சைக்கிளும் என்னைக் கடக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ எழும்பும். 'உன்னை யாரென்று காட்டு' என்று சொல்லும்.

குரு: அது உன் நப்ஸு, உன் மன இச்சை. ரமழானில் பார், பகல் முழுக்கப் பசித்திருப்பது பெரும்பாலானவர்களுக்கு முடிகிறது. மஃரிப் பாங்கு சொன்ன பிறகு, கஞ்சியும் ஈத்தம்பழமும் முன்னால் வந்த பிறகு, அளவோடு கையை எடுக்கத்தான் முடிவதில்லை. இல்லாதபோது பொறுப்பது ஒரு சபுர். இருக்கும்போது அடக்குவது அதைவிடக் கடினமான சபுர். தொடை பிடித்த பிறகு நீ காட்டிய பொறுமைக்கு வேறு வழியில்லை; நின்றால் தோல்வி. கால் புதிதாக இருந்தபோது காட்டிய பொறுமையை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நீயாகக் கொடுத்தாய்.

சீடன்: உலகம் அப்படிப் பார்ப்பதில்லையே. 1982 பெப்ரவரியில், ஹவாய்த் தீவில் நடந்த முழு அயர்ன்மேன் போட்டியில், ஜூலி மொஸ் என்ற மாணவி பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். அது 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம். கோடு கண்ணில் தெரிகிற தூரத்தில் விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மொஸ் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து முடித்தார். வித்தியாசம் 29 விநாடி. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டுக்கே கூட்டம் சேர்ந்தது என்பார்கள். வென்றவரைவிடத் தவழ்ந்தவர் பெயர்தான் நிலைத்தது.

குரு: அந்தப் பிள்ளையின் மனத்திடத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்தவர்களைப் பற்றிச் சொல்வேன். ஒருவர் தன்னை அளந்து, தன்னைக் காத்து, நிமிர்ந்து வந்து சேர்வதைப் பார்க்க ஆட்களுக்குச் சலிப்பு. ஒருவர் நொறுங்குவதைப் பார்க்க ஆர்வம். அந்தக் கண்ணை நீயும் உனக்குள் வைத்திருக்கிறாய். அந்தக் கண்ணால் உன்னையே பார்த்துவிட்டுத்தான் 'நான் ஏன் விழவில்லை?' என்று வருந்துகிறாய். பிறர் பார்க்கச் செய்கிற அமலை முகஸ்துதி என்கிறோம். பார்க்கிறவனும் நீயாகவே இருந்தால் அது முகஸ்துதி இல்லை என்று ஆகிவிடுமா?

சீடன்: (சற்று நேரம் பேசாமலிருந்து) வல்வெட்டித்துறை நீச்சல்வீரர் ஆனந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து கோடியக்கரை சேர்ந்தார். 1971இல் ஆனந்தன் போய், திரும்பியும் நீந்தினார். ஓயாமல் சைக்கிள் ஓடினார், ஒற்றைக்காலில் நின்றார், கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது அந்தக் குளிர்நீரிலேயே உயிர் போனது. அவர் மிச்சம் வைக்கவில்லை. அவரையும் தவறென்பீர்களா?

குரு: என்னால் முடியாது மகன். அந்தச் செய்தி வந்த நாட்களில் நான் இளைஞன். தமிழ் பேசுகிற ஊர்களெல்லாம் அழுதன. அவர் மனதில் என்ன இருந்தது என்பது அவருக்கும் படைத்தவனுக்கும் இடையிலானது. அவருக்காக வருந்தத்தான் எனக்குத் தெரியும்; அவரை வைத்து உனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்வேன். உன் உடம்புக்கு உன்மேல் உரிமை உண்டு என்று நம் நபி (ஸல்) சொல்லித்தந்திருக்கிறார்கள். அளவு மீறி இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த தோழரிடம் சொன்ன பேச்சு அது. வணக்கத்துக்கே எல்லை வைத்த மார்க்கத்தில், பதக்கத்துக்கு எல்லை இல்லாமல் போகுமா?

சீடன்: எட்டரை மணிநேரம் ஆனதும் நிறுத்திவிடுகிற விதியும் அப்படித்தானோ? எனக்கு அது கொடுமையாகத்தான் பட்டது. கடைசி நிமிடத்தில் வந்தவரை எல்லாரும் கை தட்டி வரவேற்றார்கள். அதன் பிறகு வந்தவருக்குக் கணக்கில் பெயரே இல்லை.

குரு: ஓடியவருக்கு அது கொடுமைதான். அவருடைய உடம்புக்கு இரக்கம். இரண்டும் உண்மை. வேறு என்ன விதி இருந்தது?

சீடன்: சைக்கிளில் முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். நெருங்கிப் போனால் அவர் முதுகு காற்றை மறைக்கும். நமக்குப் பலம் மிச்சமாகும். அதனால் தண்டனை உண்டு. நீச்சலில் அப்படி இல்லை. முன்னால் போகிறவரின் கால் நுரையைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

குரு: அப்படியென்றால் நீ மிச்சம் வைத்த பலம் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்து எடுத்தது இல்லை. காற்றைத் தனியாக வாங்கி மிச்சம் பிடித்தது. அது ஹலாலான சம்பாத்தியம். உறுத்தலை இத்தோடு விடு. இனிக் கேட்க வேண்டியது, அந்த மிச்சத்தை என்ன செய்யப்போகிறாய் என்பதுதான்.

சீடன்: முழுத் தூரத்துக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன். 1978இல் ஹவாயில் முதன்முதல் நடந்தபோது 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்களாம். இன்றைக்கு உலகமெங்கும் ஆயிரக்கணக்கானோர் முடிக்கிறார்கள்.

குரு: போ. தடுக்கமாட்டேன். ஆயிஷா நாயகியோடு நபியவர்கள் ஓட்டப்பந்தயம் வைத்த மார்க்கம் இது. ஆனால் தூரத்தைக் கூட்டுவது ஒன்றுதான் வளர்ச்சி என்று நினைக்காதே. 2004 டிசெம்பர் 26இல் சுனாமி வந்தபோது இந்தக் கரையில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, எத்தனை வீட்டில் ஆள் இல்லாமல் போனது! நீந்தத் தெரிந்திருந்தாலும் அந்த அலையில் பயன் இருந்திருக்காது. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். கடலை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, கணுக்கால் நனைய நின்றுவிட்டுத் திரும்புகிற பிள்ளைகள் பலர். உம்மாமார் விடமாட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் குளத்திலும் ஆற்றிலும் கடலிலும் வருடா வருடம் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதை மாற்றலாம்.

சீடன்: நான் போட்டிக்கு நீந்துகிறவன், ஹஸ்ரத். சொல்லிக்கொடுக்கப் படித்தவன் இல்லை.

குரு: படி. அதற்கென்று முறையான பயிற்சி இருக்கும். உயிர்காப்பும் சேர்த்துப் படி. கரைவலைக்காரர்களில் இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிடு. நீரோட்டம் அவர்களுக்குத்தான் தெரியும். நீ எவ்வளவு தூரம் நீந்தினாய் என்று பிள்ளைகளிடம் சொல்லாதே. அவர்களுக்குத் தேவை மிதப்பது. முதலில் உம்மாமாரிடம் பேசு. கடலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய், சம்மதம் கேட்டுக்கொண்டு தொடங்கு. கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களை மட்டும் எடு. கார்த்திகை பிறந்தால் ஒரு பிள்ளையையும் இறக்காதே.

சீடன்: சித்திரையில் தொடங்குகிறேன், ஹஸ்ரத்.

குரு: தொடங்கு. முதல் நாள் என் பேரப் பிள்ளைகள் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.